எதையுமே கேட்காத அந்த ஃபிட்டரை முதலில் கவனியுங்கள்

திருவொற்றியூரில் 22 பேரை வைத்து லேத், சிஎன்சி, ஃபேப்ரிகேஷன் என்று பட்டறை நடத்தும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஆறு மாசத்துல ரெண்டு நல்ல ஆளுங்க போயிட்டாங்க அக்கா. ஒருத்தர் 2,000 ரூபா கூட வருதுன்னு ஒரகடம் பக்கம் போனார். இன்னொருத்தர் காரணமே சொல்லல. சம்பளம் ஏழாம் தேதியத் தாண்டினதே இல்ல. தீபாவளிக்கு போனஸ், ஆயுத பூஜைக்குத் துணி, எல்லாம் குடுக்கறேன். நல்லா வேலை செய்யறவங்கள எப்படித்தான் கூடவே வச்சிக்கறது? இருக்கறவங்கள்ல ஒரு ஃபிட்டர் மட்டும்தான் எனக்குக் கவலையே குடுக்காதவர். 11 வருஷமா இருக்கார், இதுவரைக்கும் ஒண்ணுமே கேட்டதில்ல."

இதைப் படித்ததும் போன இரண்டு பேரைவிட அந்த ஃபிட்டரைப் பற்றித்தான் எனக்குக் கவலை வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நான் காலடிப்பேட்டையில் வளர்ந்தவள். மணலியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகளில் 28 வருடம் பணியாளர் பிரிவில் இருந்தேன். வேலையை விட்டுப் போகிறவர்களின் கணக்கை முடித்து அனுப்புவது என் மேசையில்தான் நடக்கும். கடைசி நாளில் எதிரே உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பயப்பட ஒன்றும் இல்லை அல்லவா? அப்படிக் கேட்டுக் கேட்டு எனக்குப் புரிந்தது இது: சத்தம் போடுகிறவர் போவதில்லை. சத்தம் போடுவதால் அவருக்கு ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கிறது. வாய் திறக்காமல் நன்றாக வேலை செய்கிறவருக்கு வேலைதான் கூடிக்கொண்டே போகிறது. ஒருநாள் அவர் எழுதிய கடிதத்தோடு வந்து நிற்கிறார். முதலாளி ஆடிப்போகிறார்.

முதலில் அந்த 2,000 ரூபாயைப் பார்ப்போம். திருவொற்றியூரிலிருந்து ஒரகடம் போக கம்பெனி பஸ்ஸிலேயே ஒரு பக்கம் இரண்டு மணி நேரம் ஆகும். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பவேண்டும், திரும்பி வர இரவு எட்டு. வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த வேலையை விட்டுவிட்டு, நாளுக்கு நான்கு மணி நேரத்தை ரோட்டில் கொட்டி, மாதம் 2,000 ரூபாய்க்காக ஒருவர் போகிறார் என்றால் அது கணக்காகவே வரவில்லையே. பணம் என்று சொல்வது எளிது, மரியாதையானது, யாரையும் புண்படுத்தாது. உங்களிடம் அதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உண்மையான காரணம் அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே உங்கள் பட்டறைக்குள் நடந்திருக்கும்.

பணம் முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. மளிகைக் கடைப் பாக்கி வைத்திருக்கிற ஒருவரிடம் அப்படிப் பேசுவது பாவம். ஆனால் நீங்கள் பட்டியல் போட்டதெல்லாம் எந்த வகையைச் சேர்ந்தவை என்று பாருங்கள். ஏழாம் தேதிக்குள் சம்பளம் என்பது சட்டம். போனஸுக்கு 8.33 சதவீதம் என்பதும் சட்டம் போட்ட குறைந்தபட்சக் கோடு. இவை தவறினால் ஆள் போய்விடுவார். தவறாமல் இருப்பதாலேயே ஆள் நின்றுவிடமாட்டார். அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1950களின் கடைசியில் பிட்ஸ்பர்க் நகரத்தில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் கேட்டுப் பார்த்து இதைத்தான் எழுதினார். வேலையில் மனம் வெறுத்த சமயங்களைப் பற்றிக் கேட்டால் கம்பெனி விதி, மேற்பார்வை, சம்பளம் என்று வந்தது. மனம் நிறைந்த சமயங்களைக் கேட்டால் ஒன்றைச் செய்து முடித்தது, அதை யாரோ கவனித்துச் சொன்னது, வேலையே பிடித்திருந்தது, பொறுப்பு கொடுத்தது என்று வந்தது. நல்லதைத் தன் கணக்கிலும் கெட்டதைக் கம்பெனி கணக்கிலும் எழுதுவது மனித சுபாவம்தானே என்று அவர் ஆய்வைக் குறை சொன்னவர்கள் உண்டு. எனக்கும் அந்தக் குறை நியாயமாகவே படுகிறது. ஆனால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் சொன்னதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது பட்டியல்தான்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் பெரம்பூரே சாட்சி. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி.வாடியா தலைவராகவும் திரு.வி.க. துணைத் தலைவராகவும் இருந்து சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கினார்கள். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் அதுதான் என்பார்கள். அங்கிருந்த பக்கிங்காம் கர்நாட்டிக் துணி மில் தொழிலாளிகள், பக்கத்தில் துணிக்கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடம் வந்து என்ன சொல்லி ஆறுதல் தேடினார்கள்? கூலி மட்டும் இல்லை. சாப்பிட விடும் நேரம் போதவில்லை, மேலே இருப்பவர்கள் மனிதனாக நடத்துவதில்லை என்பதும் அதில் இருந்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் வடசென்னைப் பட்டறைகளில் நான் கேட்ட குறைகளில் அந்த இரண்டும் போகவில்லை.

இப்போது நல்ல ஆளுக்கு என்ன நடக்கிறது என்று பக்கத்தில் போய்ப் பார்ப்போம். நான் வேலை செய்த ஓர் இடத்தில் வியாசர்பாடியிலிருந்து ஓர் ஆர்கான் வெல்டர் வருவார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் டேங்க்கில் அவர் போட்ட வெல்டிங் இணைப்பைப் பார்த்தால் அடுக்கிவைத்த காசுகள் மாதிரி வரிவரியாக இருக்கும், டெஸ்டில் ஒரு சொட்டு கசியாது. அதனால் என்ன ஆனது? அவசர ஜாப் எல்லாம் அவருக்கு. மற்றவர்கள் போட்டு லீக் ஆனதைச் சரிசெய்வதும் அவருக்கு. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் ஓ.டி. (ஓவர்டைம்) என்றால் ஷீட்டில் முதல் பெயர் அவருடையது. அந்த ஷீட்டில் கையெழுத்துப் போட்டது நான். ஓ.டி.க்கு இரட்டிப்புச் சம்பளம் சரியாகப் போகிறது, அவருக்கும் லாபம்தானே என்று நினைத்துக்கொண்டேன். அவரிடம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

நான்காவது வருடம் ராஜினாமா கொடுத்தார். கடைசி நாள் அவர் வேலை செய்யும் இடத்துக்குப் போனேன். வெல்டிங் டார்ச்சைத் துடைத்து, கேபிளைச் சுருட்டி மாட்டியிருந்தார். டங்ஸ்டன் ராடுகளைச் சைஸ் வாரியாகப் பிரித்து ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, அடுத்து வருகிறவருக்காகச் சாக்பீஸால் மேலே அளவு எழுதிக்கொண்டிருந்தார். போகிற நாளிலும் அப்படி ஒரு வேலை சுத்தம். ஏன் போறீங்க என்று கேட்டேன். "எம் பையன் ஃபுட்பால் ஆடறான் மேடம். நாலு வருஷத்துல ஒரு சனிக்கிழமை மேட்ச்கூட நான் பாக்கல. லீக் வர மாதிரி வெல்டிங் போடறவன்லாம் ஒரு மணிக்கு வூட்டுக்குப் போறான்" என்றார். கோபமே இல்லை குரலில். அதற்குப் பிறகு நான் எந்த ஓ.டி. ஷீட்டிலும் பெயர்களைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

ஆகவே உங்களுக்கு முதல் வேலை இது. கடந்த மூன்று மாதத்தில் அவசர ஜாப், கஷ்டமான ஜாப், சனி ஞாயிறு, ராத்திரி ஷிஃப்ட், இவை யார் யார் தலையில் விழுந்தன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள், ஜாப் கார்டைப் பார்த்து எழுதுங்கள். மூன்று நான்கு பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். போன இரண்டு பேர் இருந்த மாதங்களின் கார்டையும் எடுத்தால் அவர்கள் பெயரும் அதில் இருக்கும் என்று நினைக்கிறேன். ஃபிட்டருடைய பெயரும் இருக்கும்.

அந்தச் சுமையைக் குறைக்க ஒரே வழி இரண்டாவது ஆளைத் தயார் பண்ணுவது. எல்லோரும் இதைச் சொல்வார்கள், அப்புறம் நல்ல ஆளையே கூப்பிட்டு "நீயே இவனுக்குச் சொல்லிக்குடு" என்று இன்னொரு வேலையையும் அவர் தலையில் கட்டுவார்கள். சொல்லிக்கொடுக்கிற மாதத்தில் அவருடைய டார்கெட்டைக் குறையுங்கள். அதற்கென்று ஒரு தொகை கொடுங்கள், சம்பளச் சீட்டில் தனி வரியாக வரட்டும். வீட்டில் அந்தச் சீட்டை மனைவி பார்க்கும்போது "இது எதுக்கு?" என்று கேட்பார். "பசங்களுக்குக் கத்துக்குடுக்கறதுக்கு" என்று அவர் சொல்லும் அந்த நிமிடம் சின்ன விஷயம் இல்லை.

அடுத்தது, நல்லவர்களை ரொம்பவும் புண்படுத்துவது, புது ஆளின் சம்பளம். ஒன்பது வருடம் இருந்தவர் 19,500 வாங்குகிறார். புதிதாக வந்தவர் வெளியே என்ன ரேட்டோ அதைக் கேட்டு 21,000க்குச் சேருகிறார். மெஷின் செட்டிங் சொல்லிக்கொடுப்பது பழையவர். ஏழாம் தேதி டீக்கடையில் நிற்கும்போது இரண்டு பேர் போனிலும் பேங்க் மெசேஜ் வருகிறது. போனைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு விநாடி போதும். இது ரகசியமாக இருக்கும் என்று நினைக்கும் முதலாளி தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறார். வெளி ரேட்டுக்கு ஒருவரைச் சேர்க்கும் அன்றைக்கே அதே வேலை செய்யும் பழையவர்களின் சம்பளத்தை எடுத்துப் பாருங்கள். ஒரேயடியாக ஏற்ற முடியாவிட்டால் இரண்டு தவணையில் ஏற்றுகிறேன் என்று தேதியோடு சொல்லுங்கள். அவர் வந்து கேட்ட பிறகு ஏற்றினால் அதே பணத்துக்குப் பாதி மதிப்புதான். ராஜினாமா கொடுத்த பிறகு ஏற்றினால், 'இவ்வளவு நாள் இவரால் முடிந்தது, ஆனால் செய்யவில்லை' என்றுதான் அவர் புரிந்துகொள்வார். அப்படி நிறுத்திவைத்தவர்களில் நீண்ட நாள் நின்றவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

பொறுப்பு கொடுப்பதைப் பற்றி நிறையப் பேசலாம், ஆனால் உங்கள் பட்டறையில் அது எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன். மெஷினில் மாட்டும் வெட்டுமுனை, அதாவது இன்சர்ட், உடைந்துபோகிறது. ஸ்டோரில் இல்லை. நீங்கள் பாரிமுனையில் ஒரு பார்ட்டியோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள், போன் எடுக்கவில்லை. பதினைந்து வருட அனுபவம் உள்ள ஆபரேட்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். மெஷின் நிற்கிற நஷ்டம் உங்களுக்குத் தெரியும். அவர் மனதில் நடக்கிற நஷ்டம் தெரிவதில்லை. '3,000 ரூபாய் வரைக்கும் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள், பில்லை மட்டும் வையுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். டிராயிங்கில் அளவு தப்பாக இருக்கிறது என்று தோன்றினால் ஜாப்பை நிறுத்தும் உரிமையும் அவருக்கு இருக்கட்டும். அப்படி நிறுத்தி, கடைசியில் டிராயிங்தான் சரி என்று தெரிந்தாலும் அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டிவிடாதீர்கள். திட்டினால் அடுத்த தடவை தப்பான அளவிலேயே ஐம்பது பீஸ் போட்டு அனுப்புவார், 'டிராயிங்ல அப்படித்தான் சார் இருந்திச்சி' என்பார்.

திட்டுவதைப் பற்றி இன்னொன்று. தனியாகக் கூப்பிட்டு எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் நல்ல வேலைக்காரர் தாங்குவார். ஹெல்பர் பையன்கள் முன்னால் சொன்னால் தாங்கமாட்டார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நம் ஊரில் இருப்பவர்களுக்கு வேறு சில விஷயங்கள் உண்டு, நிர்வாகப் பாடத்தில் அவை வராது. மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டி லைன் ரயிலில் வருகிறவர்கள் உங்களிடம் இருப்பார்கள். ரயில் தாமதமானால் அவர்கள் என்ன செய்வார்கள்? மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால் பைக்கில்கூட நுழைய முடியாது. எட்டு மணி மூன்று நிமிடத்துக்கு வந்தவருக்கு அரைநாள் வெட்டுகிற பட்டறைகளை எனக்குத் தெரியும். அதே ஆள் முதல் நாள் டெலிவரிக்காக ராத்திரி ஒன்பது வரை நின்றிருப்பார், அதை யாரும் எழுதிவைக்கவில்லை. நிமிடத்தைக் கணக்குப் பார்ப்பதென்றால் இரண்டு பக்கமும் பாருங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. உங்களுக்கும் மறந்திருக்காது. எர்ணாவூர், கத்திவாக்கம் பக்கம் வீட்டுக்குள் வந்த வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு, பாயும் துணியும் எதற்கும் உதவாமல் போயின. அந்த வாரம் எனக்குத் தெரிந்த ஓர் இடத்தில் வராதவர்கள் எல்லோருக்கும் சம்பளம் இல்லாத லீவு போட்டார்கள். விதிப்படி அது தப்பில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். அதற்குச் சில தெரு தள்ளி இன்னொரு பட்டறை முதலாளி மூன்றாம் நாள் தன் சூப்பர்வைசரோடு பைக்கில் வீடு வீடாகப் போனார். என்ன வேண்டும் என்று கேட்காமல் ஆளுக்கு 5,000 ரூபாய் அட்வான்ஸ், ஒரு பாய், ஒரு பக்கெட், பினாயில். பட்டறையை ஒரு வாரம் கழித்துத் திறந்தார். அட்வான்ஸைப் பத்து மாதத்தில் பிடித்தார், தள்ளுபடிகூடச் செய்யவில்லை. அடுத்த பொங்கல் வரைக்கும் முதல் இடத்திலிருந்து ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் போய்ச் சேர்ந்தது இந்த இரண்டாவது பட்டறையில்தான், அதுவும் அதிகச் சம்பளம் கேட்காமல்.

உங்களிடம் பெண்கள் வேலை செய்கிறார்களா என்று எழுதவில்லை. இருந்தால் அவர்களுக்குத் தனிக் கழிப்பறை, உள்ளே தாழ்ப்பாள், தண்ணீர், இந்த மூன்றையும் நீங்களே ஒருநாள் போய்ப் பார்த்துவிடுங்கள். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த பெண்களுக்காகவும்தான் 2021இல் தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்காரச் சட்டம் வந்தது. ஒரு ஸ்டூல் போடுவதற்குச் சட்டம் தேவைப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது. பேக்கிங்கில், இன்ஸ்பெக்‌ஷனில் நிற்பவர்களுக்கு ஒரு ஸ்டூல் போடுங்கள்.

சரி, ஆட்களோடு எப்படிப் பேசுவது? வருடத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் நிற்கவைத்து 'நாம எல்லாம் ஒரே குடும்பம்' என்று பேசுவதை விட்டுவிடுங்கள். குடும்பத்தில் யாரும் ஆர்டர் குறைந்தால் வெளியே அனுப்பப்படுவதில்லை என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருவரோடும் தனியாக இருபது நிமிடம். 22 பேர்தானே, வாரத்துக்கு இரண்டு பேர். உங்கள் கேபினுக்குள் கூப்பிடவேண்டாம். அங்கே அவர்கள் நின்றுகொண்டுதான் பேசுவார்கள். மெஷின் பக்கத்திலோ டீக்கடையிலோ போதும். எந்த வேலை செய்யும்போது நேரம் போனதே தெரியவில்லை, எது எரிச்சலாக இருக்கிறது, நான் எதை நிறுத்தினால் உங்களுக்கு வேலை சுலபமாகும், அடுத்து எந்த மெஷின் கற்றுக்கொள்ள ஆசை. இவை போதும். சொன்னதில் ஒன்றையாவது அடுத்த பதினைந்து நாளில் செய்துவிடவேண்டும். ஃபேன் மாற்றுவதாக இருந்தாலும் சரி. முடியாததை முடியாது என்று காரணத்தோடு சொல்லுங்கள். 'பாக்கலாம்' என்ற வார்த்தையை மட்டும் சொல்லாதீர்கள். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாம் செய்தும் சிலர் போவார்கள். தங்கச்சி கல்யாணம், சிங்கப்பூர் சான்ஸ், சொந்தமாக லேத் போடுவது, காரணம் எதுவோ. போகிறவருக்கு கிராஜுவிட்டியை, அதாவது இத்தனை வருடம் வேலை செய்ததற்கான பணிக்கொடையை, 30 நாளுக்குள் கொடுங்கள். பி.எஃப். வேலையை இழுத்தடிக்காதீர்கள். கடைசி நாள் டீ வாங்கிக்கொடுத்து அனுப்புங்கள். எப்படி அனுப்புகிறீர்கள் என்பதை மிச்சம் 21 பேரும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். போனவர் திரும்பி வந்த கதைகளும் என்னிடம் நிறைய உண்டு. முகம் கொடுத்து அனுப்பிய இடத்துக்குத்தான் திரும்பி வந்தார்கள்.

இப்போது அந்த ஃபிட்டர். அவர் கேட்காததால் 11 வருடத்தில் அவருக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது, கேட்டவர்களுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று இன்றைக்கே பதிவேட்டைப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் சரிசெய்யும் தொகையை முடிவுசெய்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவருடைய கிராஜுவிட்டிக் கணக்கையும் இன்னொரு தாளில் கையாலேயே எழுதுங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,800 என்று வைத்தால், 26ஆல் வகுத்து ஒரு நாளைக்கு 800, வருடத்துக்கு 15 நாள் என்று 12,000, பதினொரு வருடத்துக்கு 1,32,000. இப்படி ஒரு தொகை தன் பெயரில் சேர்ந்திருப்பது நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. முதலாளி வாயால் கேட்டால் அதற்குத் தனி அர்த்தம் உண்டு.

திங்கட்கிழமை காலை முதல் டீ நேரத்தில் அவர் பெஞ்சுக்குப் போய் உட்காருங்கள். இரண்டு தாளையும் கொடுங்கள். வேலையில் என்ன கஷ்டம் என்று கேளுங்கள். "ஒண்ணும் இல்ல சார்" என்றுதான் சொல்வார், 11 வருடப் பழக்கம் அது. எழுந்து வந்துவிடாதீர்கள். ஜாப்பை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வழவழப்பாகத் தேய்ந்திருக்கும், அதைப் பற்றிக் கேளுங்கள், எத்தனை நாளாக இப்படி இருக்கிறது என்று. அங்கிருந்து பேச ஆரம்பிப்பார். அன்றைக்கு இல்லாவிட்டால் அடுத்த திங்கட்கிழமை மறுபடி போங்கள், போகும்போது புது வைஸ் எடுத்துக்கொண்டு போங்கள்.